ஸ்டாம்பைத் தோழிகளின் கையில் கொடுங்கள்

கேள்வி: வீட்டிலேயே வாழ்த்து அட்டை வகுப்பு நடத்தி, படம் அச்சிடும் ஸ்டாம்ப், மை, எம்பாசிங் பவுடர் (சூட்டில் உருகி அச்சைப் புடைத்து நிற்கவைக்கும் தூள்) எல்லாம் விற்க ஆசைப்படுகிறேன். முதல் வகுப்புக்கு 12 தோழிகள் வந்தார்கள். 7 வகை அட்டைகள் செய்து காட்டினேன். "அழகு, அழகு" என்றார்கள், ஒருவரும் வாங்கவில்லை. பழகியவர்களிடம் கட்டணம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் செய்து காட்டியிருக்கிறீர்கள், அவர்கள் யாரும் செய்து பார்க்கவில்லை. உங்கள் கைத்திறனை ரசித்துவிட்டு, 'இது நமக்கு வராது' என்ற நினைப்போடுதான் வீடு திரும்பியிருப்பார்கள்.

அடுத்த முறை 6 பேரை மட்டும் கூப்பிடுங்கள். ஒரே ஓர் அட்டை போதும். கெட்டி அட்டைத் தாளை முன்கூட்டியே வெட்டி, மடித்து வையுங்கள். வெட்டுவதிலேயே நேரம் போனால் உற்சாகம் வடிந்துவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் ஸ்டாம்பை மைப் பேடில் அழுத்தி அமுக்குவார்கள். ஓரமெல்லாம் மை அப்பிக்கொள்ளும். ஸ்டாம்பை மல்லாத்திப் பிடித்து, பேடை அதன்மேல் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். தாளில் வைத்த பிறகு ஆட்டாமல், நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். கண்ணாடிபோல் தெரியும் கிளியர் ஸ்டாம்ப் என்றால் தாளுக்கு அடியில் மெத்தென்ற விரிப்பு ஒன்று இருக்கட்டும். முதல் இரண்டு அச்சு வீண் தாளில்தான்.

எம்பாசிங்கைக் கட்டாயம் சேருங்கள். மெதுவாகக் காயும் பிக்மென்ட் மையில் அச்சிட்டுப் பவுடரைத் தூவி, மீதியை ஒரு தாளில் தட்டி டப்பாவிலேயே திரும்பக் கொட்டிவிடலாம். ஹீட் கன் என்ற சூடான காற்றுக் கருவியின் சூடு பட்டதும், மங்கிக் கிடந்த துகள்கள் ஓரத்திலிருந்து உருகிப் பளபளவென்று மேலெழும். அதைத் தன் கையால் செய்தவருக்கு அந்தப் பவுடரைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. ஹீட் கன்னை மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராகப் பிடிக்கச் சொல்லுங்கள், கை சுட்டுவிடும்.

அன்று பயன்படுத்திய அதே ஸ்டாம்ப், அதே மை, அதே பவுடர் மூன்றையும் ஒரு தொகுப்பாக வையுங்கள். ஹீட் கன்னை முதல் நாளே விற்கப் பார்க்காதீர்கள். "இப்போதைக்கு என்னுடையதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அவர்கள் திரும்பி வருவார்கள். கரைப்பான் கலந்த மை கிளியர் ஸ்டாம்பைக் கெடுத்துவிடக்கூடும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். விற்பனை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

கட்டணத்துக்கு ஏன் கூச்சம்? தாள், மை, உறை என எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது; உங்கள் நேரமும் இருக்கிறது. அழைக்கும்போதே தொகையைச் சொல்லுங்கள். பொருள் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் கூடவே சொல்லுங்கள். நேரில் கேட்கத்தான் சங்கடம். அழைப்பில் எழுதிவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி. பொருள்களின் மேலும் விலைச்சீட்டு ஒட்டிவிடுங்கள். விலை கேட்கத் தயங்கியே வாங்காமல் போகிறவர்கள் நிறையப் பேர்.