நிலத்தை விற்று வாங்கும் கணினி அறிவியல் இடம் வேண்டாம்

ஒட்டன்சத்திரம் அருகே மூன்று ஏக்கரில் முருங்கையும் தக்காளியும் பயிரிடும் தந்தை ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் பிரிவு. பெயர் பெற்ற கல்லூரியில் கணினி அறிவியல் கிடைக்கும் அளவுக்குக் கட்-ஆஃப் வரவில்லை. ஒரு ஏக்கரை விற்றாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடும்படி மைத்துனர் வற்புறுத்துகிறார். மகளோ, தோட்டத்து மோட்டாரின் செல்போன் ஸ்டார்ட்டர் கோளாறு செய்தால் தானே பிரித்துப் பார்ப்பவள். விவசாயத்தோடு சேர்ந்த பொறியியல் இருந்தால் படிக்கிறேன் என்கிறாள்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மைத்துனரின் யோசனையை நான் ஏற்கவில்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குள் நுழைந்தால் இந்த உரிமை முழுவதும் போய்விடும். மகளுக்கு விருப்பமில்லாத படிப்புக்காக, கையில் இருக்கும் சலுகையையும் துறந்து, நிலத்தையும் விற்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அவள் கேட்கும் படிப்பு இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரிலும் திருச்சி மாவட்டம் குமுளூரிலும் நடத்தும் வேளாண் பொறியியல் பி.டெக். படிப்புதான் அது. பலர் இதை பி.எஸ்சி. வேளாண்மையோடு குழப்பிக்கொள்கிறார்கள். இது நான்காண்டுப் பொறியியல் பட்டம்; பாசனம், பண்ணை இயந்திரங்கள், மண்-நீர்ப் பாதுகாப்பு, அறுவடைக்குப் பிந்தைய பதப்படுத்துதல் ஆகியவை இதன் தூண்கள். இன்றைய வயல்களில் சென்சாரும் தானியங்கி வால்வும் நுழைந்துகொண்டிருக்கும் இடங்களும் இவையே.

நிலத்தில் புதைக்கும் ஈரப்பத சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ இயற்பியலில் உங்கள் மகள் படித்த ஒப்புமை விடுதிறன்தான் (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதைக் காட்டும் எண்) அதன் அடிப்படை: நீருக்கு அது சுமார் 80, உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை. மண்ணில் ஈரம் ஏற ஏற அளவீடும் மாறுகிறது. தோட்டத்தில் வைஃபை இல்லாவிட்டாலும், 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் உரிமமின்றி இயங்கும் லோரா என்னும் நெடுந்தூர ரேடியோ இணைப்பு அந்த எண்ணைக் கிணற்றடிப் பெட்டிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பெட்டி மோட்டாரை இயக்கி, உரிய பாத்திக்கான வால்வைத் திறக்கும்.

இதுவரை உள்ளதை ஒரு கணினிப் பொறியாளரும் செய்துவிடுவார். சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஈரம் 20 விழுக்காடு என்று திரை காட்டினால், மணல் கலந்த செம்மண்ணில் பயிருக்குத் தாராளமாக நீர் இருக்கிறது என்று பொருள். களி மிகுந்த கரிசலில் அதே எண், பயிர் வாடத் தொடங்கும் நிலையாக இருக்கலாம். போர்வெல் நீரின் உப்பு படிந்து சென்சாருக்கு அருகிலுள்ள டிரிப்பர் (சொட்டுநீர்க் குழாயில் நீர் சொட்டும் முனை) அடைத்துக்கொண்டால், அந்த இடம் மட்டும் காயும். தோட்டம் முழுவதும் காய்வதாக எண்ணிக் கருவி நீரைத் தொடர்ந்து விட, மற்ற வரிசைகளில் போட்ட உரம் வேருக்குக் கீழே வடிந்துபோகும். சொட்டுநீரோடு செலுத்துவதற்காகக் கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட் உரத்தையும் ஒரே தொட்டியில் அடர்த்தியாகக் கரைத்தால் ஜிப்சம் படிந்து குழாய்கள் அடைபடும். எண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவே நின்று இவற்றைக் கண்டுபிடிப்பவர்தான் இன்று தேவை. தோட்டத்தில் வளர்ந்து, மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் பழகிய பெண்ணுக்கு இதில் பாதிப் பயிற்சி ஏற்கெனவே வாய்த்திருக்கிறது.

உங்கள் மாவட்டத்திலேயே ரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. மகளை அங்கே அழைத்துச் சென்று பசுமைக்குடிலையும், சொட்டுநீரோடு உரம் செலுத்தும் அமைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். மைத்துனரும் உடன் வருவது நல்லது.

வேலையைப் பற்றி மிகைப்படுத்த மாட்டேன். நல்ல மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தவரைவிடத் தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கக்கூடும். வெயிலில் வயலுக்கு அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் சொட்டுநீர் நிறுவனங்கள், டிராக்டர் நிறுவனங்கள், டிஎன்பிஎஸ்சி வழியாக வேளாண்மைப் பொறியியல் துறை, கேட் தேர்வில் இதற்கென உள்ள தனித் தாள் வழியாக மேற்படிப்பு என வாசல்கள் பல. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிகளை 100 விழுக்காடு மானியத்தில் அரசு வழங்கும் மாநிலத்தில், அவற்றை வடிவமைத்துப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை குறையாது.

பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்திருப்பது இந்தப் படிப்புக்குப் போதாது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே இடம் கிடைக்காவிட்டால், பொறியியல் கலந்தாய்வில் பி.இ. வேளாண் பொறியியல் உள்ள தனியார் கல்லூரிகளையும் அதே 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பார்க்கலாம். ஆனால் நேரில் போய், சொந்தப் பண்ணை நிலம் இருக்கிறதா, மாணவர்கள் டிராக்டரையும் பாசனக் கருவிகளையும் கையால் இயக்குகிறார்களா என்று பார்க்காமல் சேர்க்காதீர்கள்; வெறும் வகுப்பறையில் நடக்கும் வேளாண் பொறியியல் உங்கள் மகளுக்குப் பயன்படாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். நிலத்துக்கு யாரிடமாவது முன்பணம் பேசியிருந்தால், அதை இன்றே நிறுத்துங்கள்.