கான்கார்டின் இரண்டு பக்கங்கள் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

போன மாதம் பழைய விமான நிலையங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் பாய லேபார் ஒரே ஒரு வரியில் வந்து போனது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். 1979இல் எனக்கு ஆறு வயது. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா ஒரு நாள் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, பாய லேபார் வேலி ஓரமாக நின்று, ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டு இறங்குவதைக் காட்டினார். அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவர் கூட்டாளிகளோடு சைக்கிளில் ஓடுபாதையின் அந்தப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. நான் பார்த்தது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். அண்ணனோ அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான், மஞ்சள் பட்டை போட்டிருந்தது என்று சத்தியம் செய்கிறார். ஒரே நாள், ஒரே விமானம். எனக்கு நினைவு பிசகுகிறதா?

இன்னொன்று. 2003இல் கடைசிப் பயணத்தை டிவியில் காட்டியபோது நான் அழுதுவிட்டேன். என் கணவர், "நீ அதில் ஏறினதே இல்லையே, பணக்காரங்க போன ப்ளேனுக்கு நீ ஏன் அழறே?" என்று கேட்டார். அன்றைக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்), தோ பாயோ

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் சண்டையைத் தீர்த்துவிடலாம். நீங்கள் சொல்வதும் சரி, அண்ணன் சொல்வதும் சரி. பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் என்று கான்கார்டை ஓட்டிய காலத்தில், ஜி-பிஓஏடி என்ற பதிவெண் கொண்ட விமானத்துக்கு இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் வண்ணமும் வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸின் வண்ணமும் பூசியிருந்தார்கள். கல்யாண வீட்டில் சம்பந்திகள் இரண்டு பேர் பெயரையும் பந்தலில் எழுதுவது மாதிரி. நீங்கள் ஓடுபாதைக்கு வலப்பக்கம், அண்ணன் இடப்பக்கம், அவ்வளவுதான். நாற்பத்தைந்து வருஷமாக இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியே சண்டை போட்டிருக்கிறீர்கள்.

அப்பா உங்களை அன்றைக்கு அழைத்துப் போனது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அந்தச் சேவை நின்று நீடிக்கவில்லை. 1977 டிசம்பரில் தொடங்கி, மூன்றே மூன்று தடவை போய்வந்ததோடு நின்றது, மலேசியா சத்தத்தைக் காரணம் காட்டித் தன் வான்வழியே பறக்க அனுமதி மறுத்துவிட்டது. 1979 ஜனவரியில் மறுபடி தொடங்கினார்கள். இந்தியாவும் தன் தலைக்கு மேல் ஒலியை மிஞ்சிப் பறக்க விடவில்லை. கடலைத் தேடித் தேடிச் சுற்றிப் போகிற விமானத்துக்கு வேகம் இருந்து என்ன பயன்? 1980 நவம்பரோடு மூட்டை கட்டிவிட்டார்கள். இரண்டு வருஷம்கூட முழுசாக ஓடாத ஒரு விஷயத்தை நீங்கள் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. அவர் கேட்டது நியாயம்தான், முதலில் அதை ஒத்துக்கொள்கிறேன். நூறு பேர் உட்காரும் விமானம், ஏறத்தாழ 95 டன் எரிபொருள் கொள்ளும் தொட்டிகள். ஆளுக்கு ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்து முடித்த செலவு பிரிட்டன், பிரான்ஸ் இரண்டு நாட்டு மக்களின் வரிப்பணம், ஏறியதோ வங்கிக்காரர்களும் பாடகர்களும் நடிகர்களும். மொத்தம் 20 விமானம்தான் கட்டினார்கள், அதிலும் பயணிகளை ஏற்றியது 14. கணக்குப் பார்த்தால் இதைவிட மோசமான வியாபாரம் கிடையாது.

ஆனாலும் ஏறியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் தொண்ணூறுகளில் கம்பெனி காசில் ஒரு தடவை லண்டனிலிருந்து நியூயார்க் போனார். காலையில் பத்தரைக்குக் கிளம்பி, அங்கே உள்ளூர் நேரம் ஒன்பதரை ஆவதற்குள் இறங்கிவிட்டார், அதாவது கிளம்பிய நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதைத்தான் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்வார். நான் விடாமல் கேட்டேன்: உள்ளே எப்படி இருந்தது, ஒலியைத் தாண்டினபோது என்ன தெரிந்தது? "ஒண்ணும் தெரியலப்பா" என்றார். எஞ்சினில் கூடுதல் நெருப்பு மூட்டும்போது முதுகில் லேசாக இரண்டு தடவை தள்ளின மாதிரி இருந்ததாம். முன்னால் சுவரில் ஒரு பலகையில் மாக் 1 (ஒலியின் வேகம்) என்று எண் வந்தது, அப்புறம் மாக் 2, அதாவது அதைப்போல இரண்டு மடங்கு, வந்தது. கையில் இருந்த கோப்பை தளும்பவில்லை. ஜன்னல் பாஸ்போர்ட் அளவுதான். அதைத் தொட்டுப் பார்த்தாராம், சாயங்காலம் வெயில் பட்ட சுவரைத் தொட்ட மாதிரி வெதுவெதுப்பு. வெளியே வானம் கருநீலம்.

அந்த வெதுவெதுப்பு சும்மா வந்ததல்ல. 60,000 அடி உயரத்தில் வெளியே உறைய வைக்கும் குளிர், ஆனால் அந்த வேகத்தில் காற்று விமானத்தின் முன்னால் நெருங்கி அழுந்திச் சூடாகிறது, மூக்கு நுனி 127 டிகிரி வரை போகும். உலோகம் விரிந்து விமானமே 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீண்டுவிடும். விமானப் பொறியாளரின் இருக்கைக்குப் பக்கத்தில் கருவிப் பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவே பறக்கும்போது மட்டும் ஒரு சந்து திறக்கும். சில விமானங்களின் கடைசிப் பயணத்தில் பொறியாளர்கள் தங்கள் தொப்பியை அதில் செருகிவிட்டார்கள். இறங்கி ஆறியதும் சந்து மூடிக்கொண்டது, தொப்பி உள்ளே மாட்டிக்கொண்டது. விமானம் இன்னொரு தடவை அந்த வேகத்தில் பறந்தால்தான் தொப்பி வெளியே வரும். இப்படி ஒரு விடைபெறுதலை யார் யோசித்தார்களோ, எனக்கு ரொம்பப் பிடித்தது இது.

ஒலியைத் தாண்டியதும் இறக்கை தரும் தூக்கல் பின்னால் நகர்ந்துவிடும். அதைச் சமன் செய்ய டன் கணக்கில் எரிபொருளை முன்தொட்டியிலிருந்து வால் பக்கத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள், காவடித் தண்டில் பாரத்தைத் தள்ளித் தள்ளி வைக்கிற மாதிரி. போர் விமானிகள் தனி உடுப்பு மாட்டிக்கொண்டு சில நிமிஷம் தொட்டுவிட்டு வந்த வேகத்தில், இங்கே கோட்டு போட்டவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை பாடும் அவர்களுக்கு எதுவும் தெரியக் கூடாது என்பதற்காகத்தான். அதில் ஜெயித்துவிட்டார்கள். உள்ளே இருந்தவருக்கு அந்த வேகம் சுவரில் ஓடிய ஒரு எண்.

பார்க்கக் கொடுத்து வைத்தது வெளியே நின்றவர்களுக்குத்தான். இறங்கும்போது கான்கார்டு உடம்பை நன்றாகத் தூக்கிக்கொண்டு வரும், ஓட்டுபவருக்கு முன்னால் தரை தெரியாது, அதனால் மூக்கைக் கீழே வளைத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். கொக்கு குளத்தில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், கழுத்தைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டு, அதே சாயல்தான். உள்ளே உட்கார்ந்த கோடீஸ்வரருக்கு அது தெரிய வழியே இல்லை. உங்களுக்குத் தெரிந்தது. லண்டனில் ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோ பக்கம் குடியிருந்த என் சிநேகிதர் வீட்டில், அது மேலேறும்போது ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும், தெருவில் நிற்கும் கார்களெல்லாம் அலற ஆரம்பிக்கும். திட்டிக்கொண்டே எல்லாரும் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார்களாம். தினமும் போவதுதான், ஆனாலும் பார்ப்பார்கள். 2003 அக்டோபர் 24 அன்று மூன்று கான்கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹீத்ரோவில் இறங்கின. அன்றைக்கு வேலியோரம் கூடிய ஆயிரக்கணக்கான பேரில் டிக்கெட் வாங்கும் வசதி இருந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இதையே கணவரிடம் சொல்லிப் பாருங்கள்: ஏறினவர்கள் நேரத்தை மிச்சம் பிடித்தார்கள், விமானத்தைப் பார்த்தது நான்தான், என் பொருள் போனது, அழுதேன்.

2000 ஜூலை 25ஐயும் மறக்கவில்லை. பாரிஸிலிருந்து கிளம்பிய கான்கார்டு, ஓடுபாதையில் வேறொரு விமானத்திலிருந்து விழுந்து கிடந்த உலோகத் தகட்டில் ஏறி டயர் வெடித்து, தீப்பிடித்து, பாரிஸுக்குப் பக்கத்து ஊரான கோனெஸில் விழுந்தது. தரையில் இருந்த நான்கு பேரையும் சேர்த்து 113 உயிர். அடுத்த வருஷம் நவம்பரில் திரும்பப் பறக்கவிட்டும் பழைய கூட்டம் வரவில்லை. அந்த 113 பேரின் வீடுகளில் கான்கார்டு என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு.

உங்கள் விமானம் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. அதே ஜி-பிஓஏடிதான் 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் வந்து சாதனை படைத்தது. கான்கார்டுகளில் அதிக நேரம் பறந்ததும் அதுதான், 23,397 மணி. இப்போது நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றங்கரையில், இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சில வருஷம் முன்னால் போய்ப் பார்த்தேன். உள்ளே நம் ஊர் டவுன் பஸ்ஸைவிடக் கொஞ்சம் நல்ல இருக்கைகள், குறுகலான நடைபாதை, ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். வெளியே நின்று அந்த இறக்கை வளைவைப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் ஒரு மணி நேரம் போனது.

அண்ணனோடு ஒரு தடவை போய் வாருங்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இப்போது அதற்கு இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம்தான். எந்தப் பக்கம் நின்றாலும் அண்ணன் தோற்றுப்போவார். போவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டிவிடுங்கள், பாவம்.