லாங் பாஸ் எதற்கு? அமெரிக்கன் ஃபுட்பால் கேள்வி பதில்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்திருக்கும் நம் ஆட்கள் லாங் பாஸ் (பந்தை வெகுதூரம் முன்னால் எறிவது) பற்றிக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். டெக்சாஸில் இருபது வருடமாக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறேன். மகன் படித்த உயர்நிலைப் பள்ளியின் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களில் நான்கு சீசன் ஓரக்கோட்டில் நின்று செயின் பிடித்திருக்கிறேன். பத்து யார்டு நீளச் சங்கிலி, இரண்டு முனையிலும் ஒரு கம்பு. டவுன் என்றால் ஒரு வாய்ப்பு; பத்து யார்டு கடக்க நான்கு டவுன், கடந்தால் மறுபடி முதலிலிருந்து, அதாவது ஃபர்ஸ்ட் டவுன். அதை எடுக்க எதுவரை போக வேண்டும் என்று காட்டும் வேலை. அங்கே நின்று பார்த்தால் டிவியில் தெரியாத பல விஷயங்கள் தெரியும்.

சென்னையிலிருந்து: அண்ணா, பத்து யார்டு போனால் போதும், அதற்கு நான்கு வாய்ப்பும் இருக்கிறது. அப்புறம் ஏன் நாற்பது யார்டு தூக்கி எறிகிறார்கள்? பாதிக்கு மேல் கீழேதானே விழுகிறது?

கீழே விழுவதும் கணக்கில் சேரும் தம்பி. எனக்கு இது புரிந்த ஆட்டத்தைச் சொல்கிறேன்.

அன்று எங்கள் பள்ளி அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிப் பார்த்தது. ஒரு யார்டு, இரண்டு யார்டு, சில சமயம் அதுவும் இல்லை. காரணம் எதிரணியின் சேஃப்டி. டிஃபென்ஸில் கடைசி ஆளாகப் பின்னால் நிற்க வேண்டிய பையன், என் கம்புக்கு நேர்கோட்டில் பார்த்தால் அதற்கும் முன்னால், எட்டு யார்டுக்குள் வந்து நின்றிருந்தான். தடுக்க எங்களிடம் ஏழு பேர், அவர்கள் பக்கம் எட்டு பேர். எட்டாவது ஆளைத் தொட ஆளே இல்லை, அவன்தான் ஒவ்வொரு முறையும் பிடித்துக் கீழே தள்ளினான்.

இரண்டாம் குவார்ட்டரில் எங்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறியும் பையன், ஒரு லாங் பாஸ் போட்டான். பிடிக்க ஓடிய ரிசீவரின் விரல் நுனியில் பட்டுத் தரையில் விழுந்தது. ஸ்கோர் ஷீட்டில் அது பூஜ்யம். ஆனால் அடுத்த முறை நாங்கள் பந்தோடு வந்தபோது அதே சேஃப்டி என் கம்பைத் தாண்டி ஐந்து அடி எடுத்துப் பின்னால் வைத்திருந்தான். ஸ்நாப் ஆனதும், அதாவது பந்து குவார்ட்டர்பேக் கைக்குப் போனதும், முன்னால் வராமல் முதலில் இரண்டு அடி பின்னால்தான் போனான். எங்கள் ரன்னர் அதே இடத்தில் ஓடி ஏழு யார்டு எடுத்தான்.

லாங் பாஸின் முக்கால்வாசி வேலை இதுதான். டிஃபென்ஸ் ஆட்களை முன்னாலிருந்து பின்னால் இழுப்பது. அது இல்லாத அணிக்கு மைதானம் நூறு யார்டு இல்லை, பதினைந்து யார்டுதான்.

கோவையிலிருந்து: நான் கால்பந்து ரசிகன். எங்கள் ஆட்டத்தில் லாங் பாலையே நம்பும் அணியை மட்டமாகச் சொல்வார்கள். இங்கே ஏன் கொண்டாடுகிறார்கள்?

ஆஃப்சைடு. கால்பந்தில் கடைசி டிஃபெண்டரைத் தாண்டிப் போய்க் காத்திருக்க முடியாது. இங்கே ஸ்நாப் ஆனபின் ரிசீவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம், யாரை வேண்டுமானாலும் தாண்டலாம். அதனால் டிஃபென்ஸ் கோடு போட்டு மேலே ஏறி வர முடியாது. தனக்குப் பின்னால் இருக்கும் வெற்று இடத்துக்கு அது எப்போதும் காவல் நிற்க வேண்டும்.

நியூ ஜெர்ஸியிலிருந்து: சார், பையனோடு உட்கார்ந்து பார்க்கிறேன். பந்தை எறியும்போது அந்த இடத்தில் யாருமே இல்லை. பிறகு ஒருவர் ஓடி வந்து பிடிக்கிறார். யாரை நம்பி எறிகிறார்கள்?

உங்கள் பையனிடம் ஒரு சின்னக் கணக்கு போடச் சொல்லுங்கள் மேடம். நல்ல ரிசீவர் நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது யார்டு ஓடுவார். நாற்பத்தைந்து யார்டு தள்ளிப் பந்தைப் பிடிக்க அவருக்கு ஐந்து நொடி வேண்டும். ஆனால் குவார்ட்டர்பேக்கை அவருடைய லைன்மேன்கள் காப்பாற்றித் தருவது இரண்டரை, மூன்று நொடிதான். அதற்குமேல் நின்றால் மேலே ஆள் விழும்.

ஆக, பந்து கையை விடும்போது ரிசீவர் இருபது, இருபத்தைந்து யார்டில்தான் ஓடிக்கொண்டிருப்பார். மீதி இரண்டு நொடியும் பந்து வானத்தில். அவர் எங்கே வந்து சேருவார் என்பது இருவருக்கும் தெரியும். வெயிலில், காலி மைதானத்தில், நூற்றுக்கணக்கான தடவை சேர்ந்து எறிந்து பிடித்த பழக்கம் அது. அந்த வெற்று இடத்தைப் பார்த்துத் தயங்காமல் கையை வீசுவது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் விஷயம்.

மதுரையிலிருந்து: சூப்பர் பவுலை (என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டம்) திங்கட்கிழமை விடியற்காலையில் எழுந்து பார்ப்பேன். பின்னாலிருந்து வரும் பந்தை ஓடிக்கொண்டே எப்படிப் பிடிக்கிறார்கள்?

1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்த பந்தை கபில்தேவ் பின்னோக்கி ஓடிப் பிடித்தாரே, அதேதான். தோளுக்கு மேல் வரும் பந்து. இங்கே கூடுதலாக ஒரு சிக்கல்: பக்கத்திலேயே இன்னொருவர் ஒட்டிக்கொண்டு ஓடுகிறார்.

அந்த கார்னர்பேக் பந்தைப் பார்ப்பதில்லை, ரிசீவரைப் பார்க்கிறார். ரிசீவரின் கண் விரிந்தால், கை மேலே போனால், பந்து வந்துவிட்டது என்று தெரிந்து தானும் கையை நீட்டித் தட்டிவிடுவார். அதனால் நல்ல ரிசீவர் கடைசி நொடி வரை கையைத் தூக்கவே மாட்டார். ‘லேட் ஹேண்ட்ஸ்’ என்பார்கள். ராண்டி மாஸ் இதில் மன்னர். 1998இல் மினசோட்டா வைக்கிங்ஸுக்கு வந்த முதல் வருடமே 17 டச் டவுன் (மைதானக் கடைசியில் உள்ள எண்ட் ஜோனுக்குள் பந்தைச் சேர்ப்பது) பிடித்தார். 2007இல் நியூ இங்கிலாந்தில் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியோடு சேர்ந்து 23. பழைய வீடியோ கிடைத்தால் அவர் கைகளை மட்டும் பாருங்கள்.

டல்லாஸிலிருந்து: முன்னோக்கி எறிவது ஆரம்பத்திலிருந்தே இருந்ததா?

இல்லை. 1906 வரை முன்னோக்கி எறியவே கூடாது. கூட்டமாக முட்டி மோதி இழுப்பதுதான் ஆட்டம், அதில் மாணவர்கள் செத்தே போனார்கள். ஆட்டத்தையே தடை செய்யச் சொல்லிப் பேச்சு கிளம்பியபின்தான் விதியை மாற்றினார்கள். அப்போதும் அரைமனதாகத்தான். எறிந்த பந்து யார் மேலும் படாமல் தரையில் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்த வருடம் செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பாஸ் அப்படித்தான் வீணாகிப் பந்து கைமாறியது. அதே ஆட்டத்தில் மறுபடி எறிந்தார், டச் டவுன். முதல் பாஸ் வீணான உடனே அதை மறுபடி முயன்ற அந்த மனசுக்கு ஒரு வணக்கம்.

உங்கள் ஊர் அணிக்கு ஆடிய ஒருவரைச் சொல்லாமல் விடக் கூடாது: பாப் ஹேய்ஸ். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தங்கம் வென்றவர், அடுத்த வருடம் டல்லாஸ் கவ்பாய்ஸில் ரிசீவர். உலகிலேயே வேகமான மனிதரோடு ஒற்றைக்கு ஒற்றை யார் ஓடுவது? ஆளைக் காப்பதை விட்டு, ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக் காக்கும் ஜோன் டிஃபென்ஸ் பெருகியதற்கு அவர் பெயரைத்தான் பெரிய காரணமாகச் சொல்வார்கள்.

இன்னொரு திருப்பம் 1978. ஸ்நாப் ஆகும் கோட்டிலிருந்து ஐந்து யார்டு தாண்டிய ரிசீவரைத் தள்ளவோ பிடிக்கவோ கூடாது என்று என்எஃப்எல் விதி போட்டது. இன்று நாம் பார்க்கும் பாஸிங் ஆட்டம் அதிலிருந்துதான் வளர்ந்தது.

சிகாகோவிலிருந்து: நீங்கள் பார்த்ததில் ஒரே ஒரு லாங் பாஸை விளக்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

யோசிக்கவே வேண்டாம். 2020 பிப்ரவரி 2, மயாமி, சூப்பர் பவுல். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 10, சான் பிரான்சிஸ்கோ 20. நான்காம் குவார்ட்டரில் ஏழு நிமிடம் சொச்சம் பாக்கி. தேர்ட் டவுன், பதினைந்து யார்டு வேண்டும். சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் அதுவரை இரண்டு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது) கொடுத்திருந்தார். அந்த இடத்தில் அவரே கோச்சிடம் போய், ‘வாஸ்ப்’ என்று அவர்கள் அழைக்கும் ஆட்டத் திட்டத்தை, அதாவது பிளேவை, ஆட நேரம் கிடைக்குமா என்று கேட்டார்.

நேரம்தான் அதில் பிரச்சினை. ரிசீவர் டைரீக் ஹில் நேராக ஓட வேண்டும், மைதானத்தின் நடுவை நோக்கித் திரும்புவதுபோல் சாய வேண்டும், சேஃப்டி அதை நம்பி இடுப்பைத் திருப்பியதும் எதிர்ப்பக்கம், இடது ஓரத்துக்கு வெட்ட வேண்டும். இது இரண்டரை நொடி வேலை இல்லை. அதனால் மஹோம்ஸ் பத்து யார்டுக்கும் மேல் பின்வாங்கிக்கொண்டே போனார். சான் பிரான்சிஸ்கோ லைன்மேன்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோதுதான் பந்தை விட்டார். காற்றில் சுமார் 57 யார்டு. ஹில்லைச் சுற்றி ஒருவரும் இல்லை, பந்துக்காக நின்று காத்திருந்து பிடித்தார். ஸ்நாப் ஆன கோட்டிலிருந்து கணக்கிட்டால் 44 யார்டு.

அதோடு முடியவில்லை. சில பிளே கழித்து மஹோம்ஸ் எண்ட் ஜோனுக்கே இன்னொன்று எறிந்தார். அதைப் பிடிக்க ஓடிய டிராவிஸ் கெல்சியை டிஃபெண்டர் இழுத்துவிட்டார். பந்து ஒரு யார்டு கோட்டில் வைக்கப்பட்டது, உடனே டச் டவுன். கடைசியில் 31–20 என்று சீஃப்ஸ் ஜெயித்தார்கள். அந்த ஒரு பாஸ் வரை சான் பிரான்சிஸ்கோ டிஃபென்ஸ் ஆட்டத்தை முழுக்கக் கையில் வைத்திருந்தது.

சிங்கப்பூரிலிருந்து: இன்டர்செப்ஷன் ஆனால் எல்லாம் போச்சே. இவ்வளவு ரிஸ்க் தேவையா?

எந்த டவுன் என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஃபர்ஸ்ட் டவுனில், சொந்த இருபது யார்டுக்குள், இரண்டு பேர் காக்கும் ரிசீவருக்கு எறிந்தால் அது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்ட் டவுன், பதினைந்து யார்டு வேண்டும் என்றால்? தவறினால் அடுத்து எப்படியும் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்கத்தான் போகிறோம். நாற்பத்தைந்து யார்டு தள்ளி அவர்கள் பிடித்து அங்கேயே விழுந்தால், உதைத்துக் கொடுத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம் பெனால்டி. பந்தைப் பிடிக்கவிடாமல் ரிசீவரை இழுத்தால், என்எஃப்எல்லில் தவறு நடந்த இடத்திலேயே பந்து கிடைக்கும். நாற்பது யார்டு தள்ளி இழுத்தால் நாற்பது யார்டும் உனக்கு. எண்ட் ஜோனுக்குள் என்றால், மேலே கெல்சிக்குச் சொன்னதுபோல ஒரு யார்டு கோடு. கல்லூரி ஆட்டத்திலும் பள்ளியிலும் அதிகபட்சம் பதினைந்துதான். அதனால் அங்கே தோற்றுப்போன டிஃபெண்டர் வேண்டுமென்றே இழுத்துவிடுவதுண்டு.

சான் ஹோசேயிலிருந்து: எங்கள் ஃபோர்ட்டி நைனர்ஸ் (சான் பிரான்சிஸ்கோ அணி) பில் வால்ஷ் கோச்சாக இருந்த காலத்தில் சின்னச் சின்ன பாஸிலேயே ஜெயித்தார்களே?

ஜெயித்தார்கள். 1981, 1984, 1988 சீசன்களில் மூன்று சூப்பர் பவுல். ஆனால் வால்ஷ் லாங் பாஸ் பள்ளியிலிருந்து வந்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1966இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸில் உதவி கோச். அந்த அணியை உருவாக்கிய ஆல் டேவிஸ், சார்ஜர்ஸ் அணியில் கோச் சிட் கில்மனிடம் வேலை பார்த்தவர். மைதானத்தை நீளத்திலும் அகலத்திலும் முழுசாக இழுத்து விரிக்க வேண்டும் என்பது கில்மனின் வழி. பிறகு சின்சினாட்டியில் வால்ஷின் பலமான கைக்காரக் குவார்ட்டர்பேக் கிரெக் குக் தோள் காயத்தால் போனார். வந்த வர்ஜில் கார்ட்டருக்கு அந்தக் கை இல்லை. கில்மனின் விரிப்பை வால்ஷ் நீளத்திலிருந்து அகலத்துக்குத் திருப்பினார், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2022 மார்ச்சில் சீஃப்ஸ் ஹில்லை மயாமிக்குக் கொடுத்துவிட்டார்கள். எதிரணிகள் இரண்டு சேஃப்டியை ஆழத்தில் நிறுத்தி லாங் பாஸை அடைக்கக் கற்றிருந்த காலம். மஹோம்ஸ் குறுகிய பாஸ்களுக்கு மாறினார், அடுத்த இரண்டு சூப்பர் பவுலையும் ஜெயித்தார். அந்த இரண்டு பேரும் ஏன் அவ்வளவு பின்னால் நின்றார்கள்? மஹோம்ஸ் எறிந்துவிடுவார் என்ற பயம்தான். குறுகிய பாஸுக்கு இடம் கிடைத்ததே அதனால்தான் என்பது என் கருத்து.

ஆஸ்டினிலிருந்து ஒரு அப்பா: பையனுக்குப் பதிமூன்று வயது. தூரமாக எறியக் கற்றுக்கொடுக்க என்ன செய்யலாம்?

முதலில் பந்தைப் பாருங்கள். பெரியவர்கள் பந்தை அந்த வயதுக் கையால் சரியாகப் பிடிக்க முடியாது. வயதுக்கேற்ற சின்ன அளவு கடையில் கிடைக்கும், அதை வாங்குங்கள். என் மகன் பெரிய பந்தோடு மல்லுக்கட்டி, பதினான்கு வயதில் இரண்டு மாதம் தோள் வலியோடு உட்கார்ந்தான். தப்பு என்னுடையது, அவசரப்படுத்தியது நான்தான்.

தூரம் கையிலிருந்து வருவதில்லை. முன்கால் இலக்கைப் பார்த்து ஊன்ற வேண்டும், இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், தோள் அதன் பின்னால் வர வேண்டும். ஆள்காட்டி விரல் கடைசியாகப் பந்தை விட வேண்டும், அப்போதுதான் பந்து சுழலும். சுழலாமல் தள்ளாடும் பந்து காற்றிலேயே செத்துவிடும். தினமும் முழுத் தூரம் எறிய விடாதீர்கள். வலி என்று சொன்னால் அன்றோடு நிறுத்துங்கள்.

ஹூஸ்டனிலிருந்து: ஹெய்ல் மேரி என்பதும் இதுதானா?

அது வேறு. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், வேறு வழியில்லாமல் கூட்டத்துக்குள் தூக்கிப் போடுவது. 1975 டிசம்பர் 28 அன்று டல்லாஸின் ரோஜர் ஸ்டாபக் 50 யார்டு எறிந்து மினசோட்டாவை ஜெயித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மாதாவை வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். அதிலிருந்து பெயர் ஊரெங்கும் பரவியது. நான் மேலே பேசியது திட்டமிட்டு எறிவதை.

திருச்சியிலிருந்து: புதிதாகப் பார்க்கிறவர் எதைக் கவனித்தால் லாங் பாஸ் வருவது முன்கூட்டியே தெரியும்?

ஸ்நாப்புக்கு முன் பந்தைப் பார்க்காதீர்கள், டிஃபென்ஸின் பின்வரிசையைப் பாருங்கள். சேஃப்டி இரண்டு பேர் ஆழத்தில் நின்றால் வாய்ப்பு குறைவு. ஒருவர்தான் நடுவில் தனியாக நிற்கிறார், மற்றவர் முன்னால் இறங்கிவிட்டார் என்றால் ஓரத்தில் நிற்கும் ரிசீவரை உடனே பாருங்கள். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னர் கையில் கொடுப்பதுபோல் பாவனை செய்து, கொடுக்காமல் பின்வாங்கினால், அதுதான் பிளே ஆக்‌ஷன். அந்த நொடியில் டிவி கேமரா குவார்ட்டர்பேக் மேலேயே இருக்கும். பந்து கையை விட்டதும் அது மேலே திரும்பும். நீங்கள் அதற்கு முன்னாலேயே ரிசீவர் ஓடிய பக்கம் கண்ணை வைத்திருங்கள்.