சுருளும் போர்வைக்கு ஓரம் பின்னுவது எப்படி?

கேள்வி: டொராண்டோவில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். பிறக்கப்போகும் குழந்தைக்கு அக்ரிலிக் நூலில், 4 மி.மீ. ஊசியில், 80 செ.மீ. அகலம், 100 செ.மீ. நீளத்துக்கு ஒரு போர்வை பின்னி முடித்துவிட்டேன். முழுக்க ஸ்டாக்கினெட். 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை வருகிறது. நான்கு பக்கமும் சுருண்டுகொள்கிறது. அயர்ன் பண்ணினால் சரியாகுமா? பல் பல்லாக லேஸ் ஓரம் வைக்க ஆசை. தனியாகப் பின்னித் தைப்பதா, போர்வையிலேயே சேர்த்துப் பின்னுவதா? எத்தனை கண்ணி எடுக்க வேண்டும்? மூலையில் என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு விஷயம். லேஸை நேரடியாகப் போர்வையில் வைத்துவிடாதீர்கள். லேஸும் சேர்ந்து மடங்கிக்கொள்ளும். அதற்கும் போர்வைக்கும் நடுவே, சுருளாத பின்னல் ஒரு பட்டையாக வர வேண்டும். உங்கள் போர்வையைக் காப்பாற்றப்போவது அந்தப் பட்டைதான். லேஸ் அதற்கு மேல் அழகு.

ஸ்டாக்கினெட் சுருள்வது உங்கள் கைப்பிழை அல்ல. இந்தப் பின்னலில் V போலத் தெரியும் நிட் கண்ணிகள் எல்லாம் ஒரே முகத்தில், மேடு மேடாகத் தெரியும் பர்ல் முடிச்சுகள் எல்லாம் மறுமுகத்தில். வளைத்துவிடப்பட்ட நூல் நிமிரப் பார்க்கிறது, எல்லாக் கண்ணியும் ஒரே திசையில் இழுக்கிறது. அதனால் இடது வலது ஓரங்கள் பின்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருளும். கார்ட்டர் பின்னலில் ஒரே முகத்தில் நிட் வரியும் பர்ல் வரியும் மாறி மாறி வருவதால் இழுப்பு இரண்டு பக்கமும் சமமாகிவிடுகிறது, துணி தட்டையாகக் கிடக்கிறது. ஆகவே பட்டை கார்ட்டரில் இருக்கட்டும். அகலம் 4 செ.மீ.யாவது வேண்டும். இரண்டு மூன்று வரிசை பின்னி நிறுத்தினால், அந்தப் பட்டையே போர்வையோடு சேர்ந்து புரண்டுகொள்ளும்.

இப்போது கணக்கு. ஓரம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கண்ணி போட்டு ஆரம்பித்த பக்கத்திலும் மூடிய பக்கத்திலும் ஒரு கண்ணிக்கு ஒரு கண்ணி எடுத்தால் போதும். உங்களுக்கு 176 வரும். நீளவாட்டுப் பக்கங்களில் வரிசைக்கு ஒன்று என்று எடுத்தால் 300 ஆகிவிடும். 100 செ.மீ.க்கு அது மிக அதிகம், ஓரம் அலை அலையாக நெளியும். ஸ்டாக்கினெட் கண்ணி உயரத்தைவிட அகலம் கூடியது. அதனால் 4 வரிசைக்கு 3 கண்ணி என்பது வழக்கமான அளவு. மூன்று வரிசையில் எடுத்து, நான்காவதைத் தாண்டிவிடுங்கள். 300க்கு 225 வருகிறது. ஒன்றைக் குறைத்து 224 வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் தெரியும். ஒவ்வொரு மூலைக்கும் தனியாக ஒரு கண்ணி. ஆக மொத்தம் 804.

கண்ணி எடுக்கும்போது நேர்ப்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். விளிம்பில் தொங்கும் தளர்ந்த நூலில் ஊசியை விடாதீர்கள். ஒரு முழுக் கண்ணி உள்ளே தள்ளிக் குத்துங்கள், ஓட்டை விழாது. எடுப்பதற்கு 3.5 மி.மீ. ஊசி, பின்னுவதற்கு 3.75 மி.மீ. பக்கத்தைப் பத்துப் பத்து செ.மீ.யாகப் பிரித்து அடையாள வளையம் மாட்டிக்கொண்டால் தப்பு எங்கே என்று உடனே பிடிபடும். இவ்வளவு கண்ணியை ஒரே வட்ட ஊசியில் திணிக்க வேண்டாம். 100 அல்லது 120 செ.மீ. வட்ட ஊசிகள் இரண்டை எடுத்து, போர்வையின் பாதிச் சுற்றை ஒன்றிலும் மீதியை மற்றதிலும் வைத்துக்கொண்டு, அதனதன் கண்ணியை அதனதன் ஊசியாலேயே பின்னுங்கள்.

வட்டமாகப் பின்னும்போது கார்ட்டர் என்பது ஒரு சுற்று நிட், ஒரு சுற்று பர்ல். கண்ணி எடுத்ததையே நிட் சுற்றாகக் கொண்டு, முதலில் ஒரு சுற்று பர்ல் பின்னுங்கள். அப்புறம் வரும் ஒவ்வொரு நிட் சுற்றிலும் மூலைக் கண்ணிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கூட்டுங்கள். நான்கு மூலைக்கும் சேர்த்துச் சுற்றுக்கு 8 கூடும். மூலை சப்பென்று படிய இதுதான் வழி. கூட்டாமல் போனால் மூலை கிண்ணம் மாதிரி குழிந்துகொள்ளும். இரண்டு கண்ணிக்கு இடையில் ஓடும் நூலைத் தூக்கி, முறுக்கிப் பின்னிக் கூட்டினால் துளை தெரியாது. நிட்டும் பர்லுமாக இந்த ஜோடியை 8 முறை செய்யுங்கள், கிட்டத்தட்ட 4 செ.மீ. வந்துவிடும். கடைசியில் அகலப் பக்கம் 192, நீளப் பக்கம் 240, நான்கு மூலைக் கண்ணி, மொத்தம் 868. கண்ணிகளை மூடாமல் ஊசியிலேயே விட்டுவையுங்கள்.

தனியாகத் தைப்பதா, சேர்த்துப் பின்னுவதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் நல்ல மரபு உண்டு. எஸ்தோனியாவின் ஹாப்சாலு சால்வைகளில் லேஸ் ஓரத்தைத் தனியாகப் பின்னித்தான் தைப்பார்கள். ரஷ்யாவின் ஓரன்பர்க் சால்வைகளில் பல் ஓரம் நடுப்பகுதியோடு கூடவே வளர்ந்து வரும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில் பழைய முறைப்படி ஓரத்தையே முதலில் பின்னி, அதிலிருந்து கண்ணி எடுத்து உள்நோக்கிப் போவார்கள். உங்கள் போர்வை ஏற்கெனவே முடிந்துவிட்டது, குழந்தையின் துணி என்பதால் அடிக்கடி மெஷினிலும் போகும். தையல் விட்டுப்போகிற பயம் வேண்டாம். சேர்த்தே பின்னுங்கள் என்பேன்.

செய்முறை இது. நீளப் பக்கமோ அகலப் பக்கமோ, மூலைக் கண்ணியை அடுத்து ஒரு பக்கம் தொடங்கும் இடத்தில், இடது ஊசியில் புதிதாக 4 கண்ணி போடுங்கள். வலது கைக்கு ஒரு சின்ன ஊசி போதும். முதல் வரிசை: 2 நிட், ஊசியில் நூலை ஒரு சுற்று, 1 நிட். கடைசி ஓரக் கண்ணியையும் போர்வையின் அடுத்த கண்ணியையும் பின்புறமாகக் குத்தி ஒன்றாகப் பின்னுங்கள். திருப்புங்கள். இரண்டாம் வரிசை முழுக்க நிட். 3, 5 ஆகிய வரிசைகளும் முதல் வரிசை போலத்தான்: 2 நிட், நூல் சுற்று, கடைசிக்கு முன்புவரை நிட், கடைசியில் இணைப்பு. 4, 6 முழுக்க நிட். இப்போது 7 கண்ணி இருக்கும். ஏழாம் வரிசையில் முதல் 3 கண்ணியை மூடி, மீதியைப் பின்னி, கடைசியில் வழக்கம்போல இணையுங்கள். எட்டாம் வரிசை நிட். திரும்ப 4 கண்ணி, ஒரு பல் முடிந்தது.

எட்டு வரிசைக்குப் போர்வையின் 4 கண்ணி செலவாகிறது. அதனால்தான் 225ஐ 224 ஆக்கினோம். 192இல் 48 பல், 240இல் 60 பல், மிச்சம் இல்லாமல் வரும். மூலைக் கண்ணி ஒன்றுக்கு மட்டும் ஒரு முழுப் பல். அங்கே 1, 3, 5 வரிசைகளில் இணைக்காமல் கடைசிக் கண்ணியைத் தனியாகப் பின்னித் திருப்புங்கள், ஏழாம் வரிசையில் மட்டும் மூலைக் கண்ணியோடு இணையுங்கள். அந்தத் தாராளம் இருந்தால்தான் லேஸ் இழுபடாமல் மூலையைச் சுற்றி விரியும். சின்ன இடைவெளி தெரிந்தால் நூல் முனையை ஒளிக்கும்போது இழுத்து மூடிவிடலாம். இறுதியில் நிற்கும் 4 கண்ணியை மூடி, ஆரம்பத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

நூல் சுற்றி விழும் துளையைப் பெரிதாக்காதீர்கள். குழந்தையின் விரல் மாட்டக்கூடாது. பின்னல் போர்வையை மடியிலோ தள்ளுவண்டியிலோ, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் போர்த்தச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குள் தூங்கும் தொட்டிலில் தளர்ந்த போர்வை வேண்டாம் என்பது மருத்துவர்களின் அறிவுரை.

பல் ஓரம் பொறுமையைச் சோதிக்கிறது என்றால், கார்ட்டர் பட்டையின் மேல் ஐ-கார்டு என்னும் பின்னல் கயிறு வைத்து முடிக்கலாம். அமெரிக்கப் பின்னல் ஆசிரியை எலிசபெத் சிம்மர்மன் பரவலாக்கிய முறை. 3 கண்ணி போட்டு, 2 நிட், மூன்றாவதைப் போர்வைக் கண்ணியோடு சேர்த்துப் பின்னி, திருப்பாமல் மூன்றையும் இடது ஊசிக்குத் தள்ளுங்கள். மெல்லிய கயிறு போல் வரும், அடக்கமான அழகு. மூலையில் ஒன்றிரண்டு வரிசை இணைக்காமல் பின்னிக்கொள்ளுங்கள். குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) தெரிந்தவர்கள் கண்ணிகளை மூடிவிட்டு, ஒற்றைக் குரோஷா ஒரு சுற்றும் அதன் மேல் இடமிருந்து வலமாகப் போகும் நண்டுத் தையலும் போடலாம். ஆனால் இவை எதுவும் கார்ட்டர் பட்டைக்கு மாற்று ஆகாது.

நூல் விஷயம்: போர்வைக்குப் பிடித்ததில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக வாங்குங்கள். அதே சாய எண் (ஒரே தடவையில் சாயமிட்ட நூல் என்று காட்டும் எண்) கிடைக்காவிட்டால், கிட்டத்தட்ட அதே நிறத்தைத் தேடி அலைய வேண்டாம், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். துணிந்து வேறு நிறம் எடுங்கள்.

அயர்ன்? அக்ரிலிக்கில் சூடான தகடு பட்டால் நூல் உருகும். நீராவியைத் தொடாமல் மேலிருந்து காட்டினால் சுருள் அடங்கும், ஆனால் நூல் தொளதொளத்துப் போகும், திரும்பப் பழைய துள்ளல் வராது. கம்பளி நூலை நனைத்துக் குத்திக் காயவைத்துப் படிய வைப்பதுபோல இதில் முடியாது. மீந்த நூலில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு பின்னி, அதில் நீராவி காட்டிப் பாருங்கள். அது பிடித்திருந்தால் மட்டும் பல் ஓரம் முடிந்த பிறகு, பல் முனைகளைக் குண்டூசியால் இழுத்துக் குத்தி, மெல்லிய நீராவி காட்டி ஆறவிடுங்கள். போர்வையின் நடுப்பகுதிக்கு அது தேவைப்படாது.