வெள்ளியங்கிரி குளிருக்குத் தயாராவது எப்படி? வடசென்னை வாசிகளின் கேள்விகள்

காசிமேட்டுத் தம்பி ஒருவர்: அண்ணா, வேட்டியும் காட்டன் பனியனும் போதும்தானே? மார்கழியிலேயே கடலோரம் தூங்குறவங்க நாங்க.

போதாது தம்பி. கோவை அருகே உள்ள வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏற வேண்டும், கடைசியான ஏழாவது மலை 1,700 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். அதாவது நம் கடற்கரையைவிடப் பத்துப் பதினோரு டிகிரி குறைவு. அதையாவது தாங்கிவிடலாம், ஆளை வீழ்த்துவது ஈரம். முதல் மலையின் படிக்கட்டில் ராத்திரியிலும் வியர்த்து ஊற்றும். காட்டன் பனியன் அதைக் குடித்துவிட்டுக் காயாமல் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். மேலே காற்று அடிக்கும்போது உடம்புச் சூட்டையெல்லாம் அதுவே உறிஞ்சிவிடும். உங்கள் ஏரியாவில் ஃபுட்பால் ஜெர்சி இல்லாத வீடு உண்டா? அதை உள்ளே போடுங்கள், பாலியெஸ்டர் சீக்கிரம் காயும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். உட்காரும்போது, வியர்வை ஆறுவதற்குள் எடுத்துப் போடுங்கள். மேலே ஒரு ரெயின்கோட் இருந்தால் காற்றும் நுழையாது.

தண்டையார்பேட்டையிலிருந்து: ஆறாவது மலையில் இருக்கும் ஆண்டி சுனையில் குளிக்காமல் ஏழாவது மலை ஏறலாமா?

வேண்டுதல் இருந்தால் குளியுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் விடிந்த பிறகு குளியுங்கள். ஈர வேட்டியோடு மேலே போகவே கூடாது. மாற்றுத் துணியும் துண்டும் தண்ணீர் புகாத பையில் தனியாக இருக்கட்டும். பனிமூட்டம் இறங்கி, காற்றும் வீசினால் முகம் கழுவிக்கொண்டு போங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

வியாசர்பாடியிலிருந்து: மூட்டத்தில் டார்ச் அடித்தால் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிகிறது. என்ன செய்வது?

நெற்றியில் கட்டினால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். கழற்றி இடுப்புக்குக் கீழே பிடித்துத் தரையைப் பார்த்து அடியுங்கள். கல்லின் நிழல் விழும், மேடு பள்ளம் தெரியும். இன்னொரு கையில் அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடி. அப்படியும் பாதை தெரியவில்லையா? நில்லுங்கள், குறுக்கு வழி தேடாதீர்கள்.

கொருக்குப்பேட்டை அக்கா: அப்பாவுக்கு இதய நோய். கூட்டிப் போகலாமா தம்பி?

வேண்டாம் அக்கா. பூண்டி கோயிலில் அடிவாரத்திலேயே தரிசனம் பண்ணட்டும்.

பெரம்பூரிலிருந்து: இங்கே மலை ஏது, எங்கே பழகுவது?

ரயில்வே நடைமேம்பாலப் படிக்கட்டு போதும். முதுகில் பையோடு ஏறி இறங்குங்கள். இறங்குவதை விட்டுவிடாதீர்கள், முட்டி அப்போதுதான் வலிக்கும்.

எண்ணூரிலிருந்து: குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால்?

கண்டிப்பாகக் கூடாது. மது உள்ளே போனால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடு ஏறின மாதிரி இருக்கும். உள்சூடு அந்த வழியாகவே வெளியே போய்விடும். கூட வந்தவர் குளிரில் நடுங்கி, பேச்சுக் குழறி, கால் இடறினால் அது உயிருக்கே ஆபத்து. காற்றுப் படாத இடத்தில் உட்காரவைத்து, ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டுத் தலையோடு போர்த்துங்கள். தெளிவாக விழுங்க முடிந்தால் மட்டும் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். நடுக்கம் நின்றும் குழறல் தொடர்ந்தால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். முற்றிவிட்டது என்று அர்த்தம். நடக்கவைக்காமல் உடனே வனத்துறைக்கு ஆள் அனுப்புங்கள்.