மூடிய அறைக்குள் நாம் சுவாசிப்பது என்ன? வாசகர் கேள்வி பதில்

கட்டடங்களுக்குள் நாம் உணரும் வெப்பத்தையும் அங்கே சுவாசிக்கும் காற்றையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஐந்து இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஏ.சி. 23 டிகிரியில் ஓடுகிறது. ஒரே அறையில் சிலர் போர்வை தேடுகிறார்கள், சிலருக்கு வியர்க்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரு வெப்பநிலையை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிக்கவில்லையா?
- அலுவலகப் பணியாளர் ஒருவர்

பதில்: அப்படி ஒரு வெப்பநிலை கிடையாது என்பதைத்தான் அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த பொறியியல் பேராசிரியர் ஓலே ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட நூலில், ஒருவர் உணரும் இதத்தை ஆறு காரணிகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று விளக்கினார். காற்றின் வெப்பநிலை, சுவரும் சன்னலும் கூரையும் வீசும் கதிர்வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் உடை, உடல் ஈடுபட்டிருக்கும் வேலை ஆகியவையே அவை. ரிமோட்டில் தெரியும் எண் இவற்றுள் முதலாவதை மட்டுமே சொல்கிறது. அதையும் உங்கள் நாற்காலிக்கு அருகில் அளந்து சொல்வதில்லை. வெயில் பட்டுச் சூடேறிய கண்ணாடிச் சன்னலை ஒட்டி அமர்ந்திருப்பவரும், ஏ.சி.யின் குளிர்காற்று நேராகப் பிடரியில் விழும் இடத்தில் அமர்ந்திருப்பவரும் ஒரே அறையில் இருந்தாலும், உடலின் கணக்கில் இருவரும் வெவ்வேறு தட்பவெப்பத்தில் இருக்கிறார்கள்.

ஏறத்தாழ 1,300 பேரைச் சோதனை அறைகளில் அமர்த்திப் பெற்ற பதில்களிலிருந்து ஃபாங்கர் இன்னொன்றையும் கண்டார். ஆறு காரணிகளும் மிகப் பொருத்தமாக அமைந்த நிலையிலும் 100 பேரில் 5 பேராவது நிறைவில்லை என்றே சொல்வார்கள். அவருடைய கணக்கில் உடல் உண்டாக்கும் வெப்பத்துக்கு எடுத்துக்கொண்ட அளவு சராசரி ஆணை ஒட்டியது என்றும், இலகுவான அலுவலக வேலையில் இருக்கும் பெண்களின் உடல் அதைவிடக் குறைவான வெப்பத்தையே உண்டாக்குகிறது என்றும் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே குளிர்கிறது என்று சொல்பவரின் புகாரை மனப்பான்மை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

என் பரிந்துரை, ஏ.சி.யின் எண்ணை இரண்டு டிகிரி உயர்த்திவிட்டு, வேண்டுபவர்களுக்கு மேசை மின்விசிறி தருவதுதான். நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் காற்று உடலில் பட்டால், அறை ஏறத்தாழ இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்துவிட்டதைப் போன்ற உணர்வு கிடைக்கும். ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் ஆகியோர் பல நாட்டுக் கட்டடங்களின் தரவுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. சன்னலைத் தம் கையால் திறக்கவும் மூடவும் முடிகிற கட்டடங்களில் இருப்பவர்கள், ஏ.சி. கட்டடங்களில் இருப்பவர்களைவிட அகலமான வெப்ப எல்லைக்குள் இதமாக உணர்கிறார்கள். எந்த எண் என்று விவாதிப்பதைக் காட்டிலும், மாற்றிக்கொள்ளும் உரிமையை ஒவ்வொருவரின் கைக்கும் கொண்டுபோவதே அலுவலகங்கள் செய்ய வேண்டியது.

கேள்வி: கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்கினேன். இரவு படுக்கையறைக் கதவை மூடி ஏ.சி. போட்டுத் தூங்கினால், விடியற்காலையில் அது 2,700 என்று காட்டுகிறது. எழும்போது தலை கனக்கிறது. இது நஞ்சா?
- வாசகி ஒருவர்

பதில்: அந்த அளவில் அதை நஞ்சு என்று சொல்ல இயலாது. பணியிடங்களில் 8 மணி நேரச் சராசரிக்கு 5,000 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 5,000 பங்கு; உங்கள் கருவி காட்டுவதும் இதே அலகு) என்ற வரம்பையே பல நாடுகள் கடைப்பிடிக்கின்றன. ஆனால் 2,700 என்ற எண் உங்களுக்கு வேறொரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது.

முதலில் கருவி பொய் சொல்லவில்லை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். 30 கன மீட்டர் அறையில் இருவர் தூங்குகிறார்கள் என்றும், இடுக்குகள் வழியே மணிக்கு அறைக் காற்றில் பத்தில் மூன்று பங்கு மட்டுமே மாறுகிறது என்றும் கொள்ளுங்கள். வெளிக்காற்றில் இருக்கும் 420ஐ ஒட்டிய அளவில் தொடங்கும் எண், 8 மணி நேரத்தில் 2,800ஐ நெருங்கிவிடும். சன்னலைச் சற்றே திறந்து வைத்து, மணிக்கு இரு முறை காற்று மாறும்படி செய்தால் அதே அறையில் அது 800ஐச் சுற்றியே நிற்கும். பெரும்பாலான ஸ்பிளிட் ஏ.சி.க்கள் அறைக்குள் இருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் இழுத்துக் குளிர்விக்கின்றனவே தவிர, வெளியிலிருந்து புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. குளிர்ச்சியைப் புத்துணர்ச்சி என்று உடல் எடுத்துக்கொள்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தோன்றுவதில்லை.

மியூனிக் நகரத்தில் பணியாற்றிய சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858இலேயே, மக்கள் புழங்கும் அறைகளில் இந்த வாயு 1,000 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்று எழுதினார். அவரும் அந்த வாயுவையே குற்றவாளியாகக் கருதவில்லை. மனித உடல்களிலிருந்து வெளியேறும் மற்ற எல்லாமும் அறையில் எவ்வளவு தேங்கியிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம் என்றே கொண்டார். இன்றும் அதைப் படிக்க வேண்டிய முறை அதுதான். உங்கள் அறையில் 2,700 என்றால், ஒருவர் வெளிவிட்ட மூச்சை மற்றவர் கணிசமாக உள்ளிழுக்கிறார், சளிக் காய்ச்சலின் கிருமியும் அதே வழியில் பயணிக்கிறது என்று பொருள். இந்த வாயுவே சிந்தனைத் திறனை மந்தப்படுத்துகிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அதை வைத்து அச்சப்பட வேண்டாம். தலைக்கனத்துக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். அது தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கருவியைப் பற்றி ஒரு குறிப்பு: அகச்சிவப்புக் கதிரால் அளப்பவையே நம்பத்தக்கவை. மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை உணர்ந்து, அதிலிருந்து கரியமில வாயுவை ஊகித்து எண்ணாகக் காட்டுகின்றன. அவற்றின் அருகே வாசனைத் தைலத்தைத் திறந்தாலே எண் எகிறும்.

கேள்வி: எங்கள் வீடு போக்குவரத்து மிகுந்த சாலையோரம் இருக்கிறது. புகைக்கு அஞ்சி நாள் முழுவதும் சன்னல்களை அடைத்தே வைத்திருக்கிறோம். இது சரியான பாதுகாப்பா?
- இல்லத்தரசர் ஒருவர்

பதில்: பாதி மட்டும் சரி. சாலை நெரிசலாக இருக்கும் நேரங்களில் அடைப்பது நல்லதே. நாள் முழுவதும் அடைத்தால், வீட்டுக்குள்ளேயே பிறக்கும் மாசுக்கு நீங்கள் சிறைச்சுவர் கட்டியவர் ஆகிறீர்கள்.

மாசு எங்கே அதிகம் என்ற கேள்வியும், மாசு யாருடைய மூச்சுக்குள் எவ்வளவு போகிறது என்ற கேள்வியும் ஒன்றல்ல. இந்த இரண்டாவது கேள்வியை முதன்முதலாகப் பெரிய அளவில் கேட்டவர்களுள் லான்ஸ் வாலஸ் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சார்பில் 1980களில் அவர் வழிநடத்திய ஆய்வுகளில், மக்கள் தம் உடலிலேயே சிறு மாதிரிக் கருவிகளை அணிந்து நடமாடினார்கள். வேதித் தொழிற்சாலைகள் நிறைந்த நியூ ஜெர்சிப் பகுதிகளில்கூட, அவர்கள் உட்பட்ட பல வேதிப்பொருள்களின் அளவைத் தீர்மானித்தவை தொழிற்சாலைப் புகைபோக்கிகள் அல்ல. சிகரெட், உலர்சலவை செய்த துணி, சேமித்து வைத்த கரைப்பான்கள் போன்று வீட்டுக்குள் இருந்தவையே. பின்னர் 1990இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் புகைபிடிக்காத 178 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் வியப்பானது. பகல் நேரத்தில் வீட்டுக்குள்ளும் வெளியிலும் துகள்களின் சராசரி கன மீட்டருக்கு ஏறத்தாழ 95 மைக்ரோகிராம்; ஆனால் மக்கள் அணிந்திருந்த கருவிகளில் பதிவானது 150. நடக்கும்போதும் பெருக்கும்போதும் படுக்கையை உதறும்போதும் நம்மைச் சுற்றி நாமே எழுப்பிக்கொள்ளும் துகள் மேகம் அது. அறையின் மூலையில் மாட்டிய கருவி அதைக் காண்பதில்லை.

வெளியே விடப்படும் மாசில் பத்து லட்சத்தில் சில பங்குகளே மனித நுரையீரல்களைச் சென்றடைகின்றன என்றும், வீட்டுக்குள் விடப்படுவதிலோ ஆயிரத்தில் சில பங்குகள் சென்றடைகின்றன என்றும் வீட்டுப் புகையை ஆராய்ந்த அறிஞர் கிர்க் ஸ்மித் தன் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். அளவில் சிறிய அடுப்பு, அளவில் பெரிய தொழிற்சாலையோடு ஒப்பிடத்தக்க கேட்டை ஒரு குடும்பத்துக்குச் செய்ய முடிவது இந்த ஆயிர மடங்கினால்தான். விறகும் கரியும் எரியும் வீடுகளில் இதன் விலை மிகக் கொடியது. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்த எண்ணைப் படித்துவிட்டு அமைதியாகக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. எரிவாயு அடுப்பு இதைவிடப் பன்மடங்கு தூய்மையானது. ஆயினும் அதன் சுடரிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. அடுப்பு எதுவானாலும், எண்ணெய் புகையும்போது நுண்துகள் எழும்.

2018இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சோதனை வீடு ஒன்றில் சமைத்தும் துடைத்தும் காற்றை நுணுக்கமாக அளந்தார்கள். சன்னல்களைத் திறந்தபோது பல வேதிப்பொருள்களின் அளவு குறைந்தது. மூடியதும் அவை மீண்டும் பழைய நிலையை நோக்கி ஏறின. சுவரும் தரையும் துணியும் அவற்றை உறிஞ்சி வைத்திருந்து, காற்று தூய்மையானதும் திரும்ப வெளிவிடுகின்றன. ஆதலால் எப்போதாவது பத்து நிமிடம் திறந்து வைப்பதைவிட, நாள்தோறும் நீண்ட நேரம் திறந்து வைப்பது பயன் தரும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது: சாலையில் நெரிசல் குறைந்த நேரத்தில், முடிந்தால் சாலையைப் பார்க்காத பக்கத்தில், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் விசிறியைத் தொடக்கத்திலேயே போட்டு, முடிந்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். அடுப்புக்கு மேலே சிம்னி இருந்தால் அதன் குழாய் உண்மையிலேயே வெளியே போகிறதா என்று பாருங்கள். சில வகைச் சிம்னிகள் எண்ணெய்ப் பசையை மட்டும் வடிகட்டி, மற்ற அனைத்தையும் சமையலறைக்குள்ளேயே திருப்பி ஊதுகின்றன.

கேள்வி: அறைக்குள் தொட்டிச் செடிகள் வைத்தால் காற்று தூய்மையாகும் என்கிறார்களே?
- கல்லூரி மாணவி

பதில்: ஆகாது. அந்த நம்பிக்கையின் வேர், நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வு. அது இறுக மூடிய சிறு கூண்டுகளில் செய்யப்பட்டது. சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக நிகழும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவை என்று 2019இல் கமிங்ஸ், வாரிங் என்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கண்ணுக்கு இதம் என்பதற்காகத் தாராளமாக வளருங்கள்.

கேள்வி: புதிதாக மர அலமாரிகள் அமைத்தோம். முதல் வாரம் கண் எரிந்தது. இப்போது வாசனை போய்விட்டது. மீதி இருப்பதைப் போக்கக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா?
- புதுமனைக்குக் குடிபோன வாசகர்

பதில்: வாசனை போனது, பொருள் போனதற்குச் சான்றாகாது, மூக்கு விரைவில் பழகிவிடும். அலமாரி துகள்பலகையால் (மரத்துகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை) ஆனது என்றால், கண்ணை எரித்தது பெரும்பாலும் அந்தப் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவாக இருக்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, எந்த அரை மணி நேரத்திலும் கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மிகாமல் இருப்பது. கசிவு முதல் மாதங்களில் அதிகமாகவும் பின்னர் குறைந்தும் ஆண்டுக்கணக்கில் தொடரும். வெப்பமும் ஈரப்பதமும் கூடும் நாள்களில் அது மீண்டும் உயரும். எனவே வெயில் மிகுந்த பிற்பகலில் பூட்டிய வீட்டுக்குத் திரும்பினால், முதலில் சன்னலைத் திறந்துவிட்டு அதன் பிறகு ஏ.சி. போடுங்கள். பலகையின் வெட்டு விளிம்புகள் திறந்திருந்தால் அவற்றை மூடச் சொல்லுங்கள், கசிவு அங்கேதான் மிகுதி. வாசனையை மறைக்க நறுமணத் தெளிப்பான் அடிக்காதீர்கள். எலுமிச்சை, பைன் மணம் தரும் பொருள்கள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து புதிதாக ஃபார்மால்டிஹைடையும் நுண்துகள்களையும் உண்டாக்குகின்றன.

சுத்திகரிப்பான் இந்தச் சிக்கலுக்கு ஏற்ற கருவியன்று. அதில் இருக்கும் ஹெப்பா என்ற நுண்துகள் வடிகட்டி 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஆற்றல் கொண்டது. ஆனால் வாயுவைப் பிடிக்காது. உடன் வரும் மெல்லிய கரி அடுக்கு ஃபார்மால்டிஹைடைப் பொறுத்தவரை விரைவில் ஓய்ந்துபோகும். புகைக்கும் தூசுக்கும் வாங்குவதானால், பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் தூய காற்று வழங்கும் அளவை உங்கள் அறையின் கன அளவோடு ஒப்பிடுங்கள். 30 கன மீட்டர் அறைக்கு மணிக்கு 150 கன மீட்டர் கிடைத்தால் மணிக்கு ஐந்து முறை வடிகட்டியதற்குச் சமம். அந்த எண் பொதுவாக மிக உயர்ந்த வேகத்துக்கு உரியது என்பதையும், இரவில் இரைச்சலுக்கு அஞ்சி வேகத்தைக் குறைத்தால் பயனும் அதே அளவில் குறையும் என்பதையும் கருத்தில் கொண்டு, தேவைக்கு ஒருபடி பெரியதாக வாங்குங்கள். ஓசோனை உண்டாக்கித் தூய்மை செய்வதாகச் சொல்லும் எதையும், எவ்வளவு சலுகை தந்தாலும், வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஓசோன் நுரையீரலைப் புண்படுத்தும் வாயு. குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இருக்கும் வீட்டில் அது முதலில் அவர்களைத்தான் தாக்கும்.