பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் இணையப் பகடிவதை நின்றுவிடுமா?

நிற்காது. பிடுங்கிப் பார்த்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். என் மகள் அப்போது படிவம் 2. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் ஒன்றாகப் படித்தவர்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழு மட்டும் அப்படியே இருந்தது. பத்துமலைத் தைப்பூசத்தில் அவள் பால்குடம் ஏந்திய படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, பாதிக் கண் மூடியிருந்த அந்த முகத்துக்குக் கீழே 'கரிச்சட்டி' என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். அவள் எதைச் சொன்னாலும் பதிலுக்கு அதுதான் வரும். காலை வணக்கத்துக்கும் அதுவே. மூன்று வாரம் அவள் வாய் திறக்கவில்லை. தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கினாள். வயசு அப்படி என்று நானும் விட்டுவிட்டேன்.

தெரிய வந்த அன்றே கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "இதுக்குத்தாம்மா உங்ககிட்ட சொல்லல" என்றாள். சொன்னால் தண்டனை தனக்குத்தான் என்று முன்பே கணக்குப் போட்டிருக்கிறாள். குழுவில் என்ன பேசுகிறார்களோ என்ற பயத்தில் அன்றிரவு அவள் தூங்கவே இல்லை.

மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். இருவரும் உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். நாம் சேமித்து வைத்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. அனுப்பியவரின் எண், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். அனுப்பியதை எல்லாருக்கும் அழித்துவிடும் வசதி இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம்தான் குழுவை விட்டு வெளியேறினாள். குறிப்பிட்ட சிலர் மீண்டும் அவளைக் குழுவில் சேர்க்க முடியாதபடி அமைப்பையும் மாற்றினோம்.

ஸ்டிக்கர் செய்த பையனின் அம்மாவை அழைத்தேன். "சின்னப் பிள்ளைங்க விளையாட்டு, அக்கா" என்றார். படங்களை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவரே அழுதுகொண்டு கூப்பிட்டார்.

விளையாட்டு என்று விடக்கூடியதில்லை இது. 2024 ஜூலையில் இதே கோலாலம்பூரில், டிக்டாக்கில் பலரும் அறிந்த நம் பெண் ஒருவர் இணையத் துன்புறுத்தலுக்குப் பிறகு உயிரை விட்டார். அந்த விவகாரத்தில் ஒருவருக்கு விதித்த அபராதம் வெறும் 100 ரிங்கிட். இன்றும் நினைத்தால் மனம் ஆறவில்லை. அதன் பிறகுதான் தண்டனைச் சட்டத்தைத் திருத்தினார்கள். புதிய பிரிவுகள் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. சீண்டிச் சீண்டி ஒருவரைத் தற்கொலைக்குத் தள்ளினால் 10 ஆண்டு வரை சிறை. மிரட்டல் இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு போலீசில் புகார் செய்யுங்கள். பிள்ளை மனம் உடைந்து பேசினால் அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணை இரவிலும் அழைக்கலாம்.

தடுப்பது எப்படி என்று கேட்டால், கைப்பேசி வாங்கித் தரும் அன்றே "என்ன நடந்தாலும் சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். இன்னொன்றும் உண்டு. குடும்பக் குழுவில் யாரோ ஒரு குண்டான பெண் ஆடும் காணொளி வந்தால் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துச் சிரிக்கிறோம். எங்கள் வீட்டிலும் அது நடந்தது. இப்போது இல்லை.

மகள் இன்று படிவம் 4. போன வாரம் தோழிக்கு வந்த ஒரு செய்தியைக் கொண்டுவந்து காட்டினாள். "ம்மா, நம்பர் தெரியிற மாதிரிதானே எடுக்கணும்?"